பதினாலு தடவையும் ‘ம்’

உக்காருங்கக்கா. அந்த ஓரமா உக்காருங்க, இந்தப் பக்கம் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும்.

லைட்டு ரூமுக்குத்தான வந்திருக்கீக? சேலையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்தியிருக்கீகல்ல, அதை வச்சுத்தான் கேட்டேன். நானும் மொத நாளு அப்படித்தான் வந்தேன். சித்திரை வெயிலு, முழுக்கை ஜாக்கெட்டு. பஸ்ஸுல ஒரு அம்மா, “காய்ச்சலா தாயி?”ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். காய்ச்சல்னா எல்லாரும் பாவம்னுதான் சொல்லுவாக, தள்ளி உக்கார மாட்டாக.

எனக்குப் பேச வராதுக்கா. ஆறாப்புக்கு மேல படிக்கல. எங்க வீட்டுல எப்பவும், “வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா”ம்பாக. இன்னைக்குப் பேசியாகணும். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டரு ரூமுல என்னையக் கூப்பிடுவாக. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாகளாம். அதுக்குள்ள யாருகிட்டயாவது பேசிப் பாத்தா வாய் கொஞ்சம் பழகும்ல? நீங்க பதில் சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்திருங்க, போதும்.

இது என் மக, தன்விகா. மூணு வயசு முடிஞ்சுருச்சு. அடியே, அக்கா செருப்பை எடுக்காத. வை அங்க.

இவளைப் பெத்து நாப்பதாவது நாளு வந்துச்சு எனக்கு. மொதல்ல முழங்கையில ஒரு வட்டம். அப்புறம் தலையில, முதுகுல, வயித்துல. சிவந்து தடிச்சு, மேல வெள்ளை வெள்ளையாச் செதில். சோரியாசிஸ்னு டாக்டரு சொன்னாக. உங்களுக்கும் அதானா? சரி சரி. படுத்து எந்திரிச்சா பாயி மேல மாவு சலிச்ச மாதிரி கெடக்கும். எங்க அத்தை, மாமியாரைச் சொல்லுதேன், ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாக. வெளக்கமாத்தை மட்டும் என் பாய்க்குப் பக்கத்துல சாத்தி வச்சிருப்பாக. தட்டு, டம்ளரு எனக்குத் தனி. அடையாளம் தெரியணும்னு டம்ளருல ஆணி வச்சு ஒரு கோடு கிழிச்சிருக்காக. மாறிப் போயிறக் கூடாதுல்ல.

எங்க வீட்டுக்காரரும் தங்கமான மனுசன்தான். லோடு ஆட்டோ ஓட்டுதாக. என்னைய ஒரு அடி அடிச்சதில்ல. டாக்டரு நேருலயே சொன்னாக, “இது ஒட்டுற நோய் இல்லப்பா, தொட்டா வராது”ன்னு. அவுக நல்லாத் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாக. ரெண்டு வருசமா ஆட்டோவுக்குள்ளதான் படுக்காக. வாசல்ல வேப்பமரம், காத்து நல்லா வரும்.

என்னத்தச் சொல்ல வந்தேன்? ஆங், லைட்டு.

களிம்புக்குக் கேக்கலைன்னதும் லைட்டுக்கு எழுதிக் குடுத்தாக. வாரத்துக்கு மூணு நாளு. திங்க, புதன், வெள்ளி. ரெண்டு பஸ்ஸு மாறி இவளையும் தூக்கிக்கிட்டு வருவேன். உள்ள போயிப் பாத்தீகளா? பீரோ மாதிரி ஒரு பொட்டி, ஆளு நிக்கிற அளவுக்கு. சுத்தி டியூப்லைட்டு. கறுப்புக் கண்ணாடி குடுப்பாக கண்ணுக்கு. உள்ள போயி நின்னா நீலமா வெளிச்சம் வரும், காத்தாடி ஓடும், அம்புட்டுதான். ஊசி கெடையாது, கத்தி கெடையாது. பயப்படாதீக.

அப்போ ஜெசிந்தா சிஸ்டருதான் இந்த ரூமைப் பாத்துக்கிட்டாக. வயசானவுக, இன்னும் ஏழு மாசத்துல ரிட்டையரு. மொத நாளு நான் வெடவெடன்னு நிக்கதைப் பாத்துட்டு, இவளை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டாக. “துணியெல்லாம் கழட்டிட்டு உள்ள போயி நில்லு தாயி. வெக்கப்படாத. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்”னாக. சொன்ன மாதிரியே திரும்பிக்கிட்டாக. சுவத்தைப் பாத்துக்கிட்டே, “கழட்டியாச்சா?”ன்னாக. நான் ‘ம்’னேன்.

கழட்டித்தான்க்கா இருந்தேன். சேலையைக் கழட்டினேன், ஜாக்கெட்டைக் கழட்டினேன். பாவாடையை மாரோட ஏத்திக் கட்டிக்கிட்டேன். நாம குளிக்கும்போது எப்படி நிப்போம்? அதே மாதிரி. எனக்குத் தெரிஞ்சு அதுதான் துணியில்லாம நிக்கிறது. நான் வயசுக்கு வந்த அன்னைக்கு எங்க அம்மா பாவாடையை மாருல கட்டிவிட்டாக. அதுக்கப்புறம் அது இல்லாம ஒரு சொம்புத் தண்ணி என் மேல விழுந்தது கெடையாது. கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருந்தாலும் சரி. தன்விகாவைப் பெக்கும்போதுகூட நர்சம்மாகிட்ட போர்வை கேட்டு ஏச்சு வாங்கினேன். இதுல நான் என்ன பொய் சொன்னேன், சொல்லுங்க?

நல்ல கெட்டித் துணி அது. மெரூன் கலரு.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, இதே பெஞ்சுல ஜமீலா அக்கான்னு ஒருத்தக உக்காந்திருந்தாக. என்னைய மாதிரிதான் அவுகளுக்கும், ஆனா முதுகெல்லாம் மங்கி நல்லாயிருச்சாம். எனக்குக் கையி மட்டும் நல்லாயிருந்துச்சு. கையி, தோளு, முழங்காலுக்குக் கீழ. முதுகும் வயிறும் அப்படியே. என்னக்கா இப்படின்னு கேட்டேன். ஆளு தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்புப் புர்கா, கண்ணு மட்டும்தான் தெரியுது. அவுக என் காதுக்குள்ள கேக்காக, “ஒட்டுத்துணி இல்லாமத்தான பிள்ள நிக்கே?”ன்னு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. “பாவாடை கட்டியிருக்கேன்க்கா.”

“பாவாடைக்கா வியாதி? டியூப்லைட்டுக்கு என்ன கண்ணா இருக்கு, உன்னைய மொறைச்சுப் பாக்க?”

சிரிப்பா வந்துச்சு எனக்கு. அன்னைக்கு உள்ள போயி, இன்னைக்குக் கழட்டிறணும்னு முடிச்சுல கையை வச்சேன். “கழட்டியாச்சா?”ன்னாக சிஸ்டரு. கழட்டப் போறோமேன்னு ‘ம்’னேன். லைட்டு வந்துருச்சு. கையி முடிச்சுலயே நின்னுக்கிட்டிருக்கு. லைட்டும் அணைஞ்சிருச்சு.

அடுத்த வாட்டியும் அப்படித்தான். அதுக்கடுத்த வாட்டியும். அப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்னு சொல்லுவீக. இவ்வளவு நாளு ஏன் சொல்லலைன்னு கேட்டா என்ன சொல்ல? ஒரு நாளு சொல்லலைன்னா மறுநாளு சொல்லதுக்கு ரெண்டு நாளு பாரம்க்கா. தண்ணி சொமந்திருக்கீகல்ல, எறக்கி வைக்க எடமில்லாம நடக்க நடக்கக் கொடம் கனக்கும்ல, அது மாதிரி.

அவுக ஒவ்வொரு தடவையும் கேப்பாக. “போன தடவைக்கு அப்புறம் முதுகு சிவந்துச்சா?” இல்ல சிஸ்டர். “எரிச்சல்?” இல்ல. “அப்போ இன்னைக்குக் கொஞ்சம் கூட்டுதேன்”னு அட்டையில எழுதுவாக. அதுதான்க்கா இதுல முறையாம். மொத நாளு அரை நிமிசம் வச்சா, தோலு பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போவாக. என் கையி பழகிக்கிட்டே வந்துச்சு. முதுகு எதைப் பழக? அது இன்னும் வெளிச்சத்தையே பாக்கல. அது எனக்கு அப்போ தெரியாது. சத்தியமாத் தெரியாது.

இப்படியே பதினாலு தடவை ஆயிப்போச்சு. சின்ன டாக்டரு பாத்துட்டு, “கையில நல்லாக் கேக்குது, முதுகுல ஏன் கேக்கல? இன்னும் ரெண்டு மூணு தடவை பாப்போம். இல்லைன்னா மாத்திரைக்கு மாத்திருவோம். மாத்திரை சாப்பிடும்போது அடுத்த பிள்ளை உண்டாகக் கூடாது”ன்னாக. அத்தை வீட்டுல ஒப்பாரி வைக்காத கொறை. அவுகளுக்குப் பேரன் வேணும். பேரனுக்கு மாத்திரையா தடை? அதுக்கு மொதல்ல ஆட்டோவுல இருந்து எறங்கணும்ல... ஐயோ, என்னென்னமோ பேசுதேன். சிரிக்காதீகக்கா.

பதினஞ்சாவது நாளு கழட்டிட்டேன்.

எப்படின்னு தெரியல. உள்ள போனேன், கண்ணாடியை மாட்டினேன், கண்ணு இருண்டுருச்சு. அந்த இருட்டுல முடிச்சை உருவினேன். பாவாடை காலடியில விழுந்துச்சு. “கழட்டியாச்சா?”ன்னாக. ‘ம்’னேன். அந்த ஒரு ‘ம்’தான்க்கா முழு ‘ம்’. லைட்டு வந்துச்சு. யாரும் பாக்கல. நானே என்னையப் பாக்கல. காத்தாடிக் காத்து முதுகுல பட்டுச்சு. முதுகுல காத்துப் பட்டா எப்படியிருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. நல்லாயிருந்துச்சு. பொய் சொல்லுவானேன், நல்லாயிருந்துச்சு.

அஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் கம்மி. பதினாலு தடவை கூட்டிக் கூட்டி அம்புட்டுக்கு வந்திருந்துச்சு.

சாயங்காலம் சிவக்க ஆரம்பிச்சுச்சு. மறுநாளு விடியக்குள்ள கொப்புளம். மாருல இருந்து முழங்கால் வரைக்கும் வெந்துபோச்சு. துணி பட முடியல, உக்கார முடியல, இவளைத் தூக்க முடியல. “அம்மா ஏம்மா குப்புறவே படுத்திருக்கே”ன்னு இவ என் தலைமாட்டுல உக்காந்து கேக்கா.

அப்போதான்க்கா அவுக ஓடி வந்தாக. எங்க வீட்டுக்காரரு. குருத்து வாழையிலையா வெட்டிக்கிட்டு வந்து பாய்ல விரிச்சு என்னையப் படுக்க வச்சாக. பக்கத்துல உக்காந்து முதுகுல ஊதிவிட்டாக. களிம்பைக் கோழி றெக்கையில தொட்டுத் தொட்டுத் தடவினாக. அப்புறம் றெக்கை சரியா வரலைன்னு விரலாலயே தடவினாக. ரெண்டு வருசம் கழிச்சு. எனக்கு வலி உசுரு போகுது, ஆனா இது சீக்கிரம் ஆறிறக் கூடாது சாமின்னு கும்பிட்டேன். கிறுக்கச்சின்னு நினைக்கீகல்ல? நினைச்சுக்கிடுங்க.

மூணாம் நாளு அவுக தாய்மாமனைக் கூட்டிக்கிட்டு இங்க வந்தாக. மாமா கட்சிக்காரரு. துண்டும் வேட்டியுமா வந்து நின்னாருன்னா ஆபீசே எந்திரிக்கும். ஆனா அன்னைக்கு மாமாவைவிட இவுகதான் சத்தம். இந்த வராந்தாவுலதான். “என் பொண்டாட்டியை என்னன்னு நினைச்சீங்க? கேக்க ஆளில்லாதவன்னு நினைச்சீங்களா? மிஷினை வச்சுப் பொசுக்கிட்டீங்களே!”ன்னு. என் பொண்டாட்டின்னு அவுக நாலு பேரு முன்னால சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன். நான் இதே பெஞ்சுப் பக்கத்துல, உக்கார முடியாம, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். “மிஷின்ல கோளாறுதானம்மா?”ன்னு மாமா கேட்டாரு. எல்லாரும் என்னையப் பாக்காக. எங்க வீட்டுக்காரரும் பாக்காக. நான் ‘ம்’னேன்.

அப்போ வேற என்ன சொல்லியிருப்பீக நீங்க?

புகாரு எழுதி, நான்தான் கையெழுத்துப் போட்டேன். செண்பகவல்லின்னு முழுசா எழுதத் தெரியும் எனக்கு. சிஸ்டரை லைட்டு ரூமுல இருந்து எடுத்துட்டாக. கட்டு கட்டுற ரூமுல போட்டாக. அங்க ஒண்ணும் கஷ்டமில்ல, ஃபேன் உண்டு, உக்காந்தே வேலை பாக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உக்கார அங்க ஸ்டூலே கெடையாது. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் புண்ணுக்குக் கட்டு மாத்த அங்கதான போகணும்!

ஒருநா விட்டு ஒருநா அவுக கையாலதான் எனக்குக் கட்டு. ஏன் புகாரு குடுத்தேன்னு கேக்கல. பழைய துணி ஒட்டிக்கிட்டிருக்கும்ல, அதை உப்புத் தண்ணி விட்டு ஊற வச்சு, தோலு வராம எடுப்பாக. “வலிச்சாச் சொல்லு தாயி”ம்பாக. மூணாவது நாளோ என்னமோ, மாரு மேல, இந்தா இந்த எடத்துல, வெந்த தோலுக்கும் வேகாத தோலுக்கும் நடுவுல ஒரு கோடு. ஸ்கேலு வச்சுப் போட்ட மாதிரி. முழங்காலுலயும் அதே மாதிரி ஒரு கோடு. சிஸ்டரு விரலை அந்தக் கோட்டு மேல வச்சு, மாரைச் சுத்தி முதுகு வரைக்கும் இழுத்துக்கிட்டே போனாக. அப்படியே நிப்பாட்டிட்டாக. பாவாடை நாடா கட்டுற எடம்ல அது? அவுகளும் பொம்பளைதான? அவுகளுக்குத் தெரியாதா?

“செண்பகம், நான் கேக்கும்போதெல்லாம் கழட்டிட்டேன்னுதான தாயி சொன்னே?”

‘ம்’னேன்.

அவுக கட்டை முடிச்சு, எம் மககிட்ட ஒரு பஞ்சு உருண்டையைக் குடுத்து, “முயலு பாரு”ன்னாக. இவ இன்னும் அதை வச்சிருக்கா. முயலு எங்கடி? அக்காகிட்ட காட்டு. பாருங்க, கறுத்தே போச்சு.

விசாரணையில சிஸ்டரு என்ன சொன்னாகன்னு கம்பவுண்டரு ஒருத்தரு சொல்லிக் கேட்டேன். “உள்ள போயிப் பாத்திருக்கணும். சின்னப் பிள்ளை, கூச்சப்படுதேன்னு திரும்பி நின்னேன். தப்பு என் மேலதான்”னாகளாம். நாடாக் கோட்டைப் பத்தி மூச்சு விடல. நான் என்ன செய்யட்டும்? திரும்பி நின்னது அவுகதான? நானா திரும்பச் சொன்னேன்? ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தாகன்னா “என்ன பிள்ள இது”ன்னு ஒரு அதட்டு அதட்டியிருப்பாக, முடிஞ்சுபோயிருக்கும். பாருங்க, இப்படித்தான் ராத்திரி பகலா எனக்குள்ள நானே வக்கீலு, நானே ஜட்ஜு. அலுத்துப்போச்சுக்கா. எனக்காக நான் பேசுறதைக் கேக்க எனக்கே அலுப்பா இருக்கு.

இப்போ லைட்டு ரூமுல ஒரு ஆம்பளை ஆளைப் போட்டிருக்காக. நல்ல மனுசனாத்தான் தெரியுது. இருந்தாலும் ஜமீலா அக்கா ஒரு தடவை வாசல்ல எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனவுகதான், வரல. முக்கால்வாசி நல்லான தோலு. நீங்களும் வாசல்ல அந்த ஆளைப் பாத்துட்டுத்தான உள்ள போகாம இங்க வந்து உக்காந்தீக? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களை யாருக்கா இங்க உக்கார வச்சது? நான்தான். நேரா பாத்தா நான்தான்.

கையி வேகாம முதுகு மட்டும் வெந்ததுல பெரிய டாக்டருக்குச் சந்தேகமாம், இன்னைக்குக் கேக்கப் போற கேள்வி இதுதான். பதினஞ்சுக்கு முந்தி பதினாலு தடவையும் முழுசாத் துணியைக் கழட்டிட்டு நின்னியா, இல்லையா? நான் சொல்லதை வச்சு சிஸ்டருக்கு மெமோ. ரிட்டையராகுற நேரத்துல, முப்பது வருசம் பாத்த வேலைக்கு.

எங்க வீட்டுக்காரரு கீழதான் நிக்காக, டீக்கடையில. வரும்போது ஆட்டோவுல சொல்லிக்கிட்டே வந்தாக. “நீ ஒண்ணும் வளவளன்னு பேசாத. மிஷின் கோளாறுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்”னு. எனக்காக அவுக சண்டை போட்டது இந்த ஒரு தடவைதான்க்கா. அதைப் போயி, இல்லைங்க, நான்தான் பாவாடையைக் கழட்டலைன்னா... இருபது பேரு முன்னால அவுக சத்தம் போட்டதெல்லாம் என்னாகும்? மாமா மூஞ்சியில எப்படி முழிப்பாக? அப்புறம் என்னைய எதுக்குத் தொடுவாக?

இப்பவும் தொடதில்லதான். புண்ணு ஆறிப் பத்து நாளாச்சு. மறுபடி ஆட்டோவுலதான் படுக்காக. வீட்டுக்குள்ள வெக்கை அப்படி.

ஆனா காத்து இப்போ அவ்வளவு வெக்கையா இல்லதான். ஆடிக் காத்து அடிக்கு.

மணி என்னக்கா? பத்தே முக்காலா?

எனக்கு ஒரு உதவி செய்யுதீகளா? டாக்டரு கேக்க மாதிரி என்னைய நீங்க ஒருவாட்டி கேளுங்க. சும்மாதான். நான் சொல்லிப் பாக்கேன். ‘செண்பகவல்லி, அந்தப் பதினாலு தடவையும் முழுசாக் கழட்டினியா?’ அப்படிக் கேளுங்க. கொஞ்சம் அதட்டியே கேளுங்க, டாக்டரு அப்படித்தான் கேப்பாக.

ம்...

இல்ல, இல்ல, அது பதில் இல்லக்கா. அது வாய் தானா சொல்லுது. இன்னொரு தடவை கேளுங்க.

இல்ல.

கேக்கலையா? எனக்கே கேக்கல. காத்துதான் வந்துச்சு. இவளைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, வேற எடம் போனா அழுவா, உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா. தொடலாம்ல? உங்களுக்கும் எனக்கும் ஒரே நோய்தான. கேளுங்கக்கா, மறுபடி.

இல்ல டாக்டர். கழட்டல.

அங்க வாசல்ல பேரு கூப்பிடுதாகளே, செண்பகவல்லின்னுதானே கூப்பிட்டாக? சரி, சீக்கிரம். ஒரே ஒரு தடவை. கட்டு கட்டுற ரூமு அந்தக் கடைசியில இருக்குல்ல, கதவு தொறந்துதான் கெடக்கு. அது வரைக்கும் எட்டுதான்னு பாப்போம். கேளுங்க.

இல்ல டாக்டர்! பதினாலு தடவையும் பாவாடையைக் கழட்டல! சிஸ்டரு கேட்டாக, நான்தான் கழட்டிட்டேன்னு சொன்னேன்!

கேட்டுச்சாக்கா?

எல்லாரும் திரும்பிப் பாக்காகளே.

அந்தக் கடைசி ரூமுல இருந்து யாரும் எட்டிப் பாக்காகளா? எனக்கு நிமிந்து பாக்க முடியல, நீங்க பாத்துச் சொல்லுங்க.